விண்டோஸ் மாற்றியதும் காணாமல் போகிற டொகியூமென்ட்ஸ்: ஹட்டன் கடையில் பார்த்தவை

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே எங்கள் பக்கத்தில் லெப்டொப் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக விண்டோஸ் 11க்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நான் வைத்திருப்பது ஒரு கொமியூனிகேஷன் கடை. டைப்பிங், போட்டோ கொப்பி, ஒன்லைன் விண்ணப்பம் இவைதான் பிரதான வேலை; கம்பியூட்டர் திருத்தம் பக்க வேலை. இந்தப் பக்க வேலையில் இப்போது அடிக்கடி காதில் விழுவது, "அண்ணே, விண்டோஸ் அடிச்சதுக்கு அப்புறம் ஒண்ணையும் காணோம்" என்பதுதான். அடிப்பது என்றால் விண்டோஸைப் புதிதாக நிறுவுவது.

அப்படி வருகிற மெஷின்களில் கோப்புகள் உண்மையிலேயே அழிந்து போயிருப்பது குறைவு. ஒன்று, அவை வேறு ஃபோல்டருக்குள் போயிருக்கும். அல்லது இருந்த இடத்திலேயே இருந்தும் திறக்க விடாது. அல்லது திறக்கும், ஆனால் தமிழ் எழுத்துக்குப் பதிலாக இங்கிலீஷ் எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். எது நடந்திருக்கிறது என்று பார்க்காமலே, "எல்லாம் போச்சு, இன்னொரு தடவை அடிச்சுப் பார்ப்போம்" என்று யாராவது கை வைக்கும்போதுதான் நிஜமான சேதம் நடக்கிறது. அதனால் கோப்பு காணோம் என்று யாராவது போன் எடுத்தால் நான் முதலில் சொல்வது, மெஷினை அப்படியே மூடி எடுத்து வாருங்கள், புதிதாக எதையும் போடாதீர்கள் என்பதுதான். பாட்டு, படம், கேம் எது இறக்கினாலும் அது டிஸ்க்கில் பழைய கோப்பு இருந்த இடத்தின் மேல் போய் உட்காரலாம்.

வந்ததும் விசாரிக்க வேண்டியது, எப்படி மாற்றினீர்கள் என்று. விண்டோஸுக்குள்ளேயே அப்டேட் வழியாக மாறினால் சொந்தக் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். செட்அப் கோப்பை உள்ளிருந்தே ஓட்டினால் அது ஒரு கேள்வி கேட்கும்: கோப்புகளையும் அப்ளிகேஷன்களையும் வைத்துக்கொள்ளவா, கோப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளவா, ஒன்றுமே வேண்டாமா? இங்கே எதைத் தெரிவு செய்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்றாவது வழி, பென் டிரைவில் பூட் செய்து அடிப்பது. கடைகளில் அதிகம் நடப்பது இதுதான், ஏனென்றால் வேகம். அதிலும் சி டிரைவை ஃபோர்மட் பண்ணி (முழுசாகத் துடைத்து) அடித்தார்களா, ஃபோர்மட் பண்ணாமல் மேலேயே அடித்தார்களா என்று தெரிய வேண்டும். "அந்தப் பையன்தான் செஞ்சான், எனக்குத் தெரியாது" என்பார்கள். பரவாயில்லை, மெஷினே சொல்லிவிடும்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிற சேர் ஒருவர் அப்படித்தான் வந்தார். வேறு ஒரு ஊரில் கொடுத்து விண்டோஸ் 11 போட்டிருக்கிறார். தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், புள்ளிப் பட்டியல்கள், சாதாரண தரப் பிள்ளைகளுக்கு என்று வருடக்கணக்காகச் சேர்த்த பயிற்சித் தாள்கள், எதையும் காணோம். டெஸ்க்டொப்பில் ரீசைக்கிள் பின் மட்டும் தனியாக நிற்கிறது.

நான் டெஸ்க்டொப்பைப் பார்க்கவில்லை. சி டிரைவின் மேல் ரைட் கிளிக் பண்ணி, பிரொப்பர்ட்டீஸில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்றுதான் பார்த்தேன். புதிதாக அடித்த விண்டோஸ் மட்டும் இருக்கிற டிஸ்க் கிட்டத்தட்ட காலியாகத்தான் இருக்க வேண்டும். இவருடையதில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. பழையது உள்ளே எங்கோ இருக்கிறது என்பதற்கு அது போதும். சி டிரைவைத் திறந்தால் 'விண்டோஸ்.ஓல்ட்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'யூசர்ஸ்', அதற்குள் சேருடைய பழைய பெயர். இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வந்தது. இந்த இடத்தில் பலர் பயந்து பின்வாங்கிவிடுகிறார்கள். நிர்வாகி உரிமை உள்ள கணக்கில் இருந்தால் 'கன்டினியூ'வை அழுத்தினால் போதும், கொஞ்ச நேரம் எடுத்து உள்ளே விடும். அது சரிவராவிட்டால் பிரொப்பர்ட்டீஸில் 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்ட்' என்று போய் 'ஓனர்' இருக்கும் இடத்தில் இப்போதைய கணக்கின் பெயரைப் போட வேண்டும். பழைய விண்டோஸில் இருந்த நீங்களும் புதிய விண்டோஸில் இருக்கிற நீங்களும் அதற்கு வேறு வேறு ஆள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் அடையாள இலக்கம் வேறு.

டெஸ்க்டொப், டொகியூமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் முழுசாக இருந்தன. சேர் ஒரு வினாத்தாளைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுதான், இதுதான்" என்றார். கட் பண்ணாமல் கொப்பி மட்டும் பண்ணி, முதலில் வெளி ஹாட் டிஸ்க்குக்கு, அப்புறம் புதிய டொகியூமென்ட்ஸுக்கு.

இந்த விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டர் பழைய விண்டோஸுக்குத் திரும்பிப் போக வசதியாக வைக்கப்படுவது. அப்கிரேட் நடந்து 10 நாள் ஆனதும் விண்டோஸ் அதைத் தானாகவே அழித்துவிடும். அதற்கு முன்னாலும் ஆபத்து உண்டு. 128 ஜிபி எஸ்.எஸ்.டி (சுழலாத புதிய வகை டிஸ்க்) உள்ள லெப்டொப்பில் விண்டோஸ்.ஓல்ட் வந்து உட்கார்ந்ததும் இடம் போதாது என்று எச்சரிக்கை வரும். உடனே ஸ்டோரேஜ் பக்கம் போய், அங்கே 'முந்தைய விண்டோஸ் நிறுவல்கள்' என்று இருப்பதை டிக் போட்டுச் சுத்தம் செய்துவிடுவார்கள். வாசித்தால் குப்பை மாதிரித்தான் தெரியும். அதற்குள்தான் பிள்ளையின் பிறந்தநாள் படம் இருக்கிறது.

ஃபோர்மட் பண்ணி அடித்திருந்தால் விண்டோஸ்.ஓல்ட் இருக்காது. பழைய சுழல்கிற ஹாட் டிஸ்க்காக இருந்தால், டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டு மீட்பு மென்பொருளை ஓட்டிப் பார்க்கலாம். எதுவும் மேலெழுதப்படாவிட்டால் நிறையக் கிடைக்கும். எஸ்.எஸ்.டியில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அழிக்கப்பட்ட இடத்தை எஸ்.எஸ்.டி உள்ளுக்குள் தானாகவே துடைத்துவிடும். இதைச் சொல்லும்போது எதிரில் நிற்பவரின் முகம் எப்படி மாறும் என்று தெரிந்தும் சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் கொழும்பு வரை போய் வீணாகக் காசு செலவழிப்பார்கள்.

இரண்டு டொகியூமென்ட்ஸ்

இன்னொரு வகை, கோப்பு அழியவும் இல்லை, பூட்டப்படவும் இல்லை, ஆனால் 'டொகியூமென்ட்ஸ்' இரண்டாகிவிட்டது. புதிய விண்டோஸை முதன்முதலில் திறக்கும்போது மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழையச் சொல்லும். அங்கே வன்டிரைவில் (OneDrive, மைக்ரோசொஃப்ட்டின் இணையச் சேமிப்பு இடம்) பேக்கப் எடுப்பது பற்றியும் ஒரு திரை வரும். நம் ஆட்கள் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று போய்விடுவார்கள். அதற்கப்புறம் டெஸ்க்டொப், டொகியூமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் வன்டிரைவ் ஃபோல்டருக்குள் குடிபோய்விடும். சி டிரைவில் யூசர்ஸ், உங்கள் பெயர், டொகியூமென்ட்ஸ் என்று நேராக நடந்து போனால் அங்கே காலி. இடப்பக்கப் பட்டியலில் இருக்கிற டொகியூமென்ட்ஸை அழுத்தினால் எல்லாம் இருக்கும். ஒரு தோட்ட லயத்தில் (வரிசை வீடுகளில்) ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கடிதம் மாறிப் போகிற கதைதான்.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி: டொகியூமென்ட்ஸ் மேல் ரைட் கிளிக், பிரொப்பர்ட்டீஸ், 'லொக்கேஷன்' டப். அங்கே எழுதியிருக்கிற பாதையில் வன்டிரைவ் என்ற பெயர் வந்தால் உங்கள் கோப்புகள் மேகத்தோடு, அதாவது இணையச் சேமிப்போடு, கட்டப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம்.

மஸ்கெலியா பக்கமிருந்து ஒரு டீச்சர் வந்தார். அவருக்குக் கோப்பின் பெயர் தெரிகிறது, அழுத்தினால் திறக்கவில்லை.

"தம்பி, இங்க உங்க கடையில திறக்குது. வீட்டுக்குப் போனா திறக்க மாட்டேங்குது. லெப்டொப்புக்கு என்னை மட்டும் பிடிக்கலையா?"

"வீட்டுல சிக்னல் இருக்கா டீச்சர்?"

"வாசல்ல நின்னா ரெண்டு கோடு வரும். உள்ள வந்தா அதுவும் இல்ல."

விஷயம் அங்கேதான். கோப்பின் பக்கத்தில் சின்னதாக ஒரு நீல மேகம் வரைந்திருந்தால் அந்தக் கோப்பு லெப்டொப்பில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. திறக்கும்போது இணையத்திலிருந்து இறங்கும். வெள்ளை நடுவில் பச்சை டிக் இருந்தால் இப்போதைக்கு லெப்டொப்பில் இருக்கிறது, இடம் தேவைப்பட்டால் விட்டுப் போகக்கூடியது. முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் என்றால் நிரந்தரமாக இங்கே இருக்கும். இந்தச் சின்னத்தைப் பார்க்கப் பழகினாலே பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். டீச்சருக்கு நான் செய்து கொடுத்தது: கடையின் வைஃபையில் இருந்தபடியே டொகியூமென்ட்ஸ் முழுவதையும் தெரிவு செய்து, ரைட் கிளிக்கில் 'இந்தச் சாதனத்தில் எப்போதும் வைத்திரு' என்கிற தெரிவைப் போட்டு, எல்லா மேகமும் பச்சையாகும்வரை இருக்க வைத்தேன். தேத்தண்ணி குடித்து, பஸ்ஸையும் விட்டுவிட்டார். ஆனாலும் தோட்டத்தில் டேட்டா கார்ட் போட்டு அதை இறக்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட இது பரவாயில்லை.

வன்டிரைவ் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீர் கொட்டிச் செத்த லெப்டொப்பின் கோப்புகள் அதில் இருந்து முழுசாகத் திரும்பி வந்ததையும் இதே கடையில் பார்த்திருக்கிறேன். ஆனால் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். போனில் எடுத்த விளையாட்டுப் போட்டி வீடியோவே அதை நிரப்பிவிடும். நிரம்பினதும் புதிய கோப்புகள் மேலே ஏறாது. லெப்டொப்பில் மட்டும் இருக்கும். உடைமைக்காரரோ எல்லாம் பேக்கப் ஆகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். நடுவில் தொங்குகிற இந்த நிலைதான் எனக்குப் பிடிக்காதது.

பேக்கப்பை நிறுத்துவதானால் கவனமாக நிறுத்துங்கள். முதலில் எல்லாவற்றையும் பச்சையாக்கி, வெளி டிஸ்க்கில் ஒரு கொப்பி எடுத்துவிட்டு, அப்புறம்தான் வன்டிரைவ் செட்டிங்ஸில் போய் நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் கோப்புகள் வன்டிரைவ் ஃபோல்டரிலேயே தங்கி, பழைய டொகியூமென்ட்ஸ் காலியாக நிற்கக்கூடும். பதற வேண்டியதில்லை, அங்கிருந்து இங்கே கொப்பி பண்ணலாம். செய்யக்கூடாதது, "ரெண்டு இடத்துல இருக்கு, ஒண்ணை அழிப்போம்" என்று வன்டிரைவ் ஃபோல்டருக்குள் டிலீட் அடிப்பது. அங்கே அழித்தால் மேகத்திலும் அழியும். தெரியாமல் அழித்திருந்தால் ப்ரவுசரில் வன்டிரைவ் தளத்துக்குப் போய் அங்குள்ள ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். தனிப்பட்ட கணக்குகளுக்கு 30 நாள் வரை அங்கே கிடக்கும்.

இதோடு ஒட்டிய சின்ன விஷயம் ஒன்று. மைக்ரோசொஃப்ட் கணக்கோடு புதிதாக நுழைந்தால் யூசர்ஸ் ஃபோல்டரின் பெயரை விண்டோஸ் அந்த மின்னஞ்சல் முகவரியின் முதல் 5 எழுத்தை எடுத்து வைக்கும். கிருஷ்ணவேணி என்று முகவரி இருந்தால் ஃபோல்டர் 'கிரிஷ்' என்று நிற்கும். "இது யாரு, எங்க வீட்டுல கிரிஷ்னு யாரும் இல்லையே" என்று கேட்டவர்கள் உண்டு. வைரஸ் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அந்தப் பெயரை ரீநேம் பண்ணவும் போகாதீர்கள், கணக்கு குழம்பிவிடும்.

அதேபோல, நுழைந்ததும் நீங்கள் தற்காலிக ப்ரொஃபைலில் இருக்கிறீர்கள் என்று அறிவித்தல் வந்தால் எதையும் சேமிக்காமல் வெளியேறி ரீஸ்டார்ட் பண்ணுங்கள். தற்காலிக ப்ரொஃபைலில் சேமித்தது வெளியேறினதும் போய்விடும். உங்கள் உண்மையான ஃபோல்டர் யூசர்ஸுக்குள் பத்திரமாகத்தான் இருக்கும்.

பாமினி

இனி வருவது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இருக்காது. எங்கள் பக்கத்தில் தமிழ் டைப்பிங் நீண்ட காலமாக பாமினி எழுத்துருவில்தான் ஓடியது. கோயில் நிர்வாக சபைக் கடிதம், மரண உதவிச் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியல், திருமண அழைப்பிதழ், பாடசாலை வினாத்தாள், எதை எடுத்தாலும் பாமினி. பாமினி யூனிகோட் (தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கிற பொது முறை) இல்லை. கோப்புக்குள் இருப்பது சாதாரண இங்கிலீஷ் எழுத்துகள். எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே கிடப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி.

புதிதாக விண்டோஸ் அடித்தால் பாமினி அதோடு வராது. கோப்பு முழுசாக இருக்கும், திறக்கவும் திறக்கும், ஆனால் பக்கம் முழுக்க இங்கிலீஷ் குப்பை. ஒரு தோட்டத்துக் கிளாக்கர் ஐயா, சங்கத்தின் இருபது வருடப் பட்டியல் வைரஸில் கெட்டுப்போய்விட்டது என்று துக்கத்தோடுதான் வந்தார். மருமகன் அதைச் சரிப்படுத்தப் பார்த்திருக்கிறான். எல்லாவற்றையும் தெரிவு செய்து வேறொரு எழுத்துருவைப் போட்டுப் பார்த்திருக்கிறான், அதிர்ஷ்டவசமாக சேமிக்கவில்லை. சேமித்திருந்தாலும் எழுத்துகள் உள்ளே அப்படியேதான் இருந்திருக்கும். ஆனால் இங்கிலீஷும் தமிழும் கலந்த பத்திகளில் எது பாமினி, எது நிஜமான இங்கிலீஷ் என்ற அடையாளம் போயிருக்கும். பிறகு வரி வரியாகப் பிரிக்க வேண்டியதுதான்.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. விண்டோஸ்.ஓல்ட் இருந்தால் அதற்குள் விண்டோஸ், அதற்குள் ஃபொன்ட்ஸ். அங்கே பாமினி கிடக்கும். எடுத்து, ரைட் கிளிக் பண்ணி 'எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு' என்று போட்டேன். வேர்டைத் திறந்ததும் பட்டியல் வந்து நின்றது. ஐயா பெயர்களைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கிவிட்டார். அதில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை என்றும் சொல்லிக்கொண்டே போனார்.

'எல்லாப் பயனர்களுக்கும்' என்று போடுவதற்கு ஒரு காரணம் உண்டு. வெறுமனே 'இன்ஸ்டோல்' என்று கொடுத்தால் விண்டோஸ் 10இன் 2018 பதிப்புக்குப் பிறகு எழுத்துரு அந்தக் கணக்கின் அப்டேட்டா (AppData) ஃபோல்டருக்குள் மட்டும்தான் போகும். அடுத்த முறை கணக்கு மாறினால் திரும்பவும் இதே கூத்து. பழைய மெஷினில் எழுத்துருக்களைத் தேடும்போதும் இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும்: விண்டோஸின் ஃபொன்ட்ஸ், பயனரின் அப்டேட்டா.

சிங்களக் கடிதங்களுக்கும் இதே கதை. அலுவலகங்களிலிருந்து வருகிற பழைய சிங்கள வேர்ட் கோப்புகளில் எஃப்.எம். அபய எழுத்துரு இருக்கும். அதையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

யூனிகோட்டில் அடித்தவர்களுக்கும் ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கும். லதா எழுத்துருவில் அளவு பார்த்து அமைத்த வினாத்தாள் புதிய விண்டோஸில் வரி மாறி, ஒரு பக்கத்தில் இருந்தது இரண்டு பக்கமாகும். விண்டோஸ் 10இலிருந்து லதா கூடவே வருவதில்லை. அதற்குப் பதிலாக நிர்மலா யூ.ஐ. வந்து நிற்கும். செட்டிங்ஸில் 'ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ்' போய்த் தமிழ் துணை எழுத்துருக்கள் என்பதைச் சேர்த்தால் லதா திரும்பிவிடும். இதற்கு இணையம் தேவை, கடையை விட்டுப் போகுமுன் போட்டுவிடுங்கள்.

பாமினிக் கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. பாமினியில் கிடக்கிற பெயரை விண்டோஸ் தேடலில் தமிழில் அடித்துத் தேட முடியாது. எக்செலில் அகர வரிசைப்படுத்தினால் இங்கிலீஷ் எழுத்து வரிசையில் அடுக்கும். ஆனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எழுத்துரு மாற்றியில் (கன்வெர்ட்டரில்) போட்டுத் தள்ள வேண்டாம். நடுவில் இருக்கிற இங்கிலீஷ் சொற்களையும் அது தமிழாக்கி ஏதேதோ ஆக்கிவிடும். தினமும் கை போகிற பட்டியல்களை முதலில், பகுதி பகுதியாக. பழைய பிரதியை அப்படியே வைத்துக்கொண்டு.

பூட்டு

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக அடித்து மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல லெப்டொப்களில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகி, சாவியில்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. சாதாரண பாவனையில் அது இருப்பதே தெரியாது. மதர்போர்ட் பழுதாகி, பயோஸ் (மெஷினின் அடிப்படை அமைப்பு) மாற்றி, அல்லது டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போடும்போதுதான் நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அந்தச் சாவி, நீங்கள் நுழைந்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு யாருடையது?

மலையகத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பது லேசில்லை. நிறையப் பேருடைய மின்னஞ்சலைப் போன் வாங்கிய கடையில் யாரோ ஒரு பையன் திறந்து கொடுத்திருப்பான். பாஸ்வேர்ட் அவனுக்கும் ஞாபகமில்லை, சிம்மும் மாறிவிட்டது. பாஸ்வேர்ட் இல்லாவிட்டால் சாவி இல்லை, சாவி இல்லாவிட்டால் கோப்பு இல்லை. எந்த வித்தைக்காரனாலும் முடியாது. அதனால் என்னிடம் மெஷின் வந்தால், கையோடு அந்தக் கணக்கில் நுழைந்து மீட்புச் சாவியை எடுத்து, காகிதத்தில் பிரின்ட் பண்ணிக் கொடுத்துவிடுகிறேன். வங்கிப் புத்தகமும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் இருக்கிற பையில் போடுங்கள் என்று சொல்வேன். லெப்டொப் பைக்குள் மட்டும் போட வேண்டாம்.

சிலர் பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் யூசர்ஸ் என்று தேடாதீர்கள். 2007இல் விஸ்டா வந்தபோதுதான் அந்தப் பெயர் வந்தது. அதற்கு முன் 'டொகியூமென்ட்ஸ் அன்ட் செட்டிங்ஸ்' என்ற ஃபோல்டருக்குள், உங்கள் பெயருக்குள், 'மை டொகியூமென்ட்ஸ்'. இதே பெயர் புதிய விண்டோஸிலும் மறைந்திருக்கிற ஃபோல்டர்களைக் காட்டச் சொன்னால் மங்கலாகத் தெரியும், திறந்தால் அனுமதி இல்லை என்னும். அது உண்மையான ஃபோல்டர் இல்லை, பழைய மென்பொருட்களுக்காக வைத்த வழிகாட்டிப் பலகை. அதற்குள் ஒன்றும் இல்லை, விட்டுவிடுங்கள்.

மாற்றுவதற்கு முன்னால்

என் கடையில் விண்டோஸ் மாற்றுவதற்கு முன் யூசர்ஸுக்குள் இருக்கிற அந்தப் பெயர் ஃபோல்டரை முழுசாக வெளி டிஸ்க்குக்கு எடுப்பேன். டொகியூமென்ட்ஸை மட்டும் எடுத்தால் போதாது. வட்ஸ்அப் வெப்பில் வந்ததும் மின்னஞ்சலில் வந்ததும் டவுன்லோட்ஸில்தான் கிடக்கும், வன்டிரைவும் அதை பேக்கப் எடுப்பதில்லை. ப்ரவுசரின் புக்மார்க், சில மென்பொருட்களின் கணக்குகள் அப்டேட்டாவில், அது மறைந்திருக்கும். சி டிரைவின் முதல் தட்டிலேயே யாராவது 'புதிய ஃபோல்டர் 2' என்று திறந்து வைத்திருப்பார்கள், அதையும். அப்புறம் ஃபொன்ட்ஸ். எடுத்த பிறகு இரண்டு பக்கத்திலும் பிரொப்பர்ட்டீஸ் திறந்து கோப்பு எண்ணிக்கையும் அளவும் ஒன்றா என்று பார்ப்பேன். சிலவற்றைத் திறந்தும் பார்ப்பேன், அதுவும் வேறு மெஷினில்.

கொப்பி பண்ணும்போது பாதை நீளம் அதிகம் என்று சில கோப்புகள் முரண்டு பிடிக்கும். விண்டோஸில் ஃபோல்டர் பெயர்களையும் கோப்பின் பெயரையும் சேர்த்து 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்கிற பழைய கட்டுப்பாடு இன்னும் பல இடங்களில் உண்டு. தமிழ்ப் பெயர் வைத்தால் இது சீக்கிரம் நிரம்பும், ஏனென்றால் 'கி' என்பது நமக்கு ஒரு எழுத்து, கம்பியூட்டருக்கு இரண்டு. "2024ஆம் ஆண்டு மூன்றாம் தவணை இறுதிப் பரீட்சை" என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று போகாமல் வருடம், பாடம் என்று சுருக்கமாக வையுங்கள். திகதியை முன்னால் போட்டால், அதுவும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் போட்டால், கோப்புகள் தாமாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும்.

டொகியூமென்ட்ஸை டி டிரைவுக்கு மாற்றி வைப்பது நல்ல பழக்கம். முன்பு சொன்ன லொக்கேஷன் டப்பில் 'மூவ்' கொடுத்தால் போதும். டி டிரைவின் உள்ளே முதலில் ஒரு ஃபோல்டர் திறந்து அதைக் காட்ட வேண்டும். டி டிரைவையே நேராகக் காட்டினால், முழு டிரைவும் டொகியூமென்ட்ஸ் ஆகிவிடும், திரும்ப அவிழ்ப்பது பெரிய பாடு. அடுத்த முறை சி டிரைவை யார் ஃபோர்மட் அடித்தாலும் டியில் இருப்பது தப்பும். ஆனால் சியும் டியும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரண்டு துண்டு. டிஸ்க் செத்தால் இரண்டும் சாகும். "டியில் இருக்கு" என்பதை பேக்கப் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை.

கரண்டையும் மறக்க வேண்டாம். ஏப்ரல் மாதத்து மத்தியான இடி மின்னலில் யூ.பி.எஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் அப்கிரேட் தொடங்குவது வம்பை விலைக்கு வாங்குவது. காலையில் தொடங்குங்கள், லெப்டொப் என்றால் பெட்டரி நிறைந்திருக்கட்டும். இறக்க வேண்டியது பல ஜிபி வரும். இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் என்றால் இறக்கத்தை மட்டும் இரவில் வைத்து, நிறுவுவதைப் பகலில் பாருங்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. நம்முடைய மெஷினின் டவுன்லோட்ஸில் அடுத்தவர்களின் அடையாள அட்டை, ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) படிவம், வங்கி விபரம் எல்லாம் நிறைந்திருக்கும். விண்டோஸ் மாற்றினால் அவை அத்தனையும் விண்டோஸ்.ஓல்டிலும் பேக்கப் டிஸ்க்கிலும் சேர்ந்தே போகும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று நாட்டில் ஒன்று வந்திருக்கிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் அடுத்தவர் பத்திரத்தைத் தேவையில்லாமல் வைத்திருப்பது சரியில்லை. வாடிக்கையாளரின் வேலை முடிந்ததும் அவர் கண்முன்னாலேயே அழித்துவிடுகிறேன். மாற்றுவதற்கு முன் ஒரு தடவை முழுசாகத் துடைக்கிறேன்.

கடைசியாக, மாற்றவே முடியாத மெஷின்கள். விண்டோஸ் 11க்கு டி.பி.எம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ரெம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எங்கள் பக்கத்தில் கைமாறி வந்த லெப்டொப்களில் நிறைய இதற்குள் வராது. குறுக்கு வழியில் போட்டுத் தரலாம் என்று சிலர் சொல்வார்கள். டொகியூமென்ட்ஸ் முக்கியம் என்பவர்களுக்கு நான் அதைச் செய்து கொடுப்பதில்லை. விண்டோஸ் 10க்கே நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்களில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். அதற்கும் மைக்ரோசொஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும். பதியும்போது பேக்கப் பற்றிய திரை வந்தால், இந்த முறையாவது நெக்ஸ்ட் அழுத்துமுன் வாசித்துவிடுங்கள். அப்புறம் லொக்கேஷன் டப்பைத் திறந்து டொகியூமென்ட்ஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு மெஷினை மூடுங்கள்.